பத்தாவது திருத்தம்

திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பெயர் கௌரிசங்கர். படுக்கை எண் பதினேழு. உறங்கியபோது வயது முப்பத்து நான்கு. விழிக்கும் நாள் 2052 ஜனவரி 22, திங்கட்கிழமை, காலை 6.15. ஏஞ்சலின் அந்தத் தேதியின்மேல் கர்சரை வைத்து ஓர் எண்ணை அழிக்கப் பார்த்தாள். அழியவில்லை. வேறு எண்ணைத் தட்டிப் பார்த்தாள். திரை அவளைக் கண்டுகொள்ளவே இல்லை.

"மூணு வாரமா இப்படித்தான் மேடம்," என்றார் அலுவலக எழுத்தர் வெள்ளியங்கிரி. "கோவிச்சுக்கிட்ட சம்பந்தி மாதிரி. நாம சொல்றது காதுல விழுது, பதில் மட்டும் வராது."

கோத்தகிரி உறக்க இல்லத்தில் நாற்பத்தொரு பேர் உறங்கிக்கொண்டிருந்தார்கள். மருந்து கண்டுபிடிக்கப்படாத நோய்க்காரர்களை, மருந்து வரும் காலம்வரை குளிரில் உறங்கவைக்கும் இடம் அது. மலைக்குளிர் பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று இங்கே கட்டியிருந்தார்கள். அந்தப் படுக்கைகளைச் செய்து அனுப்பிய வெளிநாட்டுக் கம்பெனியை மூடி ஏழு வருடம் ஆகிவிட்டது. படுக்கைகளோடு பேசத் தெரிந்தது இப்போது முன்னறையில் இருந்த இந்த ஒரே பழைய கம்ப்யூட்டரும், அதற்குள் இருந்த இந்த ஃபார்மும்தான். ஃபார்மில் இருக்கும் தேதிக்கு நாற்பது நாள் முன்னால் படுக்கை தானாக மெல்லச் சூடேறத் தொடங்கும். கையால் சூடேற்ற ஒரே ஒருமுறை முயன்றார்கள். அந்த உயிர் போனபின் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஏஞ்சலினுக்குக் கோயம்புத்தூர். பழைய மென்பொருள்களுக்கு வைத்தியம் பார்ப்பது தொழில். இப்படி மாற்றத்தை ஏற்காமல் அடம்பிடிக்கும் ஃபார்ம்களை வாரத்துக்கு இரண்டு பார்ப்பாள். காரணம் பெரும்பாலும் அற்பமாக இருக்கும்.

"வேற யாராவது இன்னொரு சிஸ்டத்துல இதே ரெக்கார்டைத் திறந்து வச்சிருக்காங்களா?"

"இன்னொரு சிஸ்டத்துக்கு நான் எங்க போவேன்? இருக்கறது இந்த ஒண்ணுதான். இதையும் வீட்டுக்குப் போறப்ப துண்டு போட்டு மூடிட்டுத்தான் போறேன்."

அவள் ஃபைலைப் பார்த்தாள். யாரும் அதைப் படிக்க மட்டும் என்று மாற்றி வைத்திருக்கவில்லை. ஃபார்மின் அமைப்பைத் திறந்து பார்த்தாள். திருத்தலாம் என்றே இருந்தது. பிறகு, இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதைச் செய்தாள். இருபத்திரண்டாம் படுக்கையின் ரெக்கார்டுக்குப் போய், முகவரியின் கடைசியில் ஒரு புள்ளி வைத்துச் சேமித்தாள். ஏற்றுக்கொண்டது. புள்ளியை அழித்து மறுபடி சேமித்தாள். அதையும் ஏற்றுக்கொண்டது.

"ஃபார்ம் நல்லாத்தான் இருக்கு," என்றாள். "பதினேழு மட்டும்தான் முரண்டு பண்ணுது."

"அப்ப சரியாயிரும்னு சொல்லுங்க," என்றார் வெள்ளியங்கிரி. ஐம்பத்தெட்டு வயது மனிதர். முகத்தில் அத்தனை நம்பிக்கையை வைத்துக்கொண்டு கேட்டார். "இவரு சம்சாரம் பத்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பிட்டாங்களாம். இப்ப வந்துருவாங்க."

கோகிலவாணி வந்தபோது மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. கூடவே மகள் இதழினி. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்திருந்தார்கள். கோகிலவாணிக்கு நாற்பத்து மூன்று வயது என்று ஏஞ்சலினுக்கு ரெக்கார்டைப் பார்த்துத் தெரியும். ஆனால் ஸ்வெட்டருக்குள் இருந்த உடம்பு ஐம்பதைத் தாண்டியதுபோல் இளைத்திருந்தது.

"வணக்கமுங்க. நீங்கதான் கோயமுத்தூர் மேடமுங்களா? சாப்பிட்டீங்களா? அரிசிம்பருப்புச் சோறு கொண்டாந்திருக்கேன். அண்ணனுக்கும் சேர்த்துத்தான்."

"அப்புறம் சாப்பிடறேங்க. உட்காருங்க."

"விஷயத்தைச் சொல்லியிருப்பாரே அண்ணன்? எங்க வீட்டுக்காரருக்கு மருந்து வந்துருச்சுங்க. மாசம் ஒரு ஊசி, அவ்வளவுதான். நடப்பாரு, கை அசையும், எல்லாம் ஆகும்னு சொல்றாங்க. பதினோரு வருஷமா இதுக்குத்தானே காத்துக்கிடந்தோம்." கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே அதே குரலில் சொன்னாள். "எனக்குத்தான் கணையத்துல வந்திருக்கு. ஒரு வருஷம்னு சொல்லியிருக்காங்க. அவரு எந்திரிக்க இன்னும் ஒன்பது வருஷம் கிடக்குது. அதை நீங்க நாப்பது நாளாக் குறைச்சுக் குடுத்தீங்கன்னா, ஒரு பத்து மாசம் அவர்கூட இருந்துட்டுப் போயிடுவேன்."

"அம்மா, ரேஷன் கடையில நின்னு சொல்ற மாதிரி சொல்லாத," என்றாள் இதழினி.

"பின்ன எப்படிச் சொல்றது கண்ணு?"

இதழினி திரும்பிக்கொண்டாள். சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு விதிகளைப் படிக்கத் தொடங்கினாள். பத்தொன்பது வயது. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம். அப்பா உறங்கப் போனபோது எட்டு வயது.

"அவரு என்னைவிட ரெண்டு வயசு மூத்தவருங்க," என்றாள் கோகிலவாணி ஏஞ்சலினிடம். "இப்ப நான் ஒன்பது வயசு மூத்தவ. கண்ணைத் தொறந்ததும் அக்கான்னு கூப்பிடாம இருந்தாச் சரி."

வெள்ளியங்கிரி சிரித்தார். ஏஞ்சலினும் சிரித்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள். எப்படியும் இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று அந்த நிமிடம் அவளுக்குத் தோன்றியது. வேலையில் அப்படி அவளுக்கு அடிக்கடி தோன்றுவதில்லை.

ஃபார்முக்குப் பின்னால் இருக்கும் டேபிளைத் திறந்தாள். ஃபார்மில் காட்டாத ஒரு வரிசை அதில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. வெறும் எண்கள். சிலருக்கு மூன்று, சிலருக்கு ஐந்து. கௌரிசங்கருக்கு ஒன்பது. ஒன்பது என்று இருந்த வேறு பெயர்களைத் தேடினாள். பதினெட்டுப் பேர். அந்தப் பதினெட்டு ரெக்கார்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்றும் திருத்தத்தை ஏற்கவில்லை. ஒன்பதுக்குக் கீழே இருந்தவர்களை அவள் தொடவில்லை. ஏனோ கை போகவில்லை.

"அண்ணா, தேதியை மாத்திட்டு சேவ் பண்ணும்போது ஏதாவது மெசேஜ் வருமா?"

"வருமுங்க. மஞ்சள் கலர்ல குட்டியா ஒரு கட்டம். இங்கிலீஷ்ல நாலு வரி. ஓகே அமுக்கினாப் போயிரும்."

"படிச்சிருக்கீங்களா?"

"எல்லாத்துக்கும் ஒண்ணு வருது மேடம். காலையில சிஸ்டம் போட்டா ஒண்ணு, பிரிண்டர்ல தாள் தீர்ந்தா ஒண்ணு. எதைன்னு படிக்கறது? எல்லாத்துக்கும் ஓகேதான்." அவர் குரல் பாதியில் இறங்கியது. "ஏனுங்க மேடம்?"

ஏஞ்சலின் அந்த நாலு வரியை ஃபார்முக்குள் தேடி எடுத்தாள். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், இல்லத்துக்கு வாரம் இரண்டு நாள் வரும் டாக்டரிடம் பேசினாள். பத்து நிமிடம் பேசினாள். திரும்பி வந்தபோது கோகிலவாணி சோற்றை மூன்று தட்டில் போட்டு வைத்திருந்தாள்.

"சொல்லுங்க மேடம். சரியாயிருச்சுங்களா?"

"இது ரிப்பேர் இல்லீங்க," என்றாள் ஏஞ்சலின். "நீங்க ஒருத்தர் ரெக்கார்டுல எதை மாத்தினாலும், தேதியோ போன் நம்பரோ எதுவானாலும், முழு ரெக்கார்டும் படுக்கைக்குப் போகும். படுக்கை முதல்லேர்ந்து மறுபடி கணக்குப் போடும். உடம்போட குளிரு, ரத்தத்துல கலந்திருக்கற மருந்து, எல்லாத்தையும் புதுத் தேதிக்கு ஏத்த மாதிரி ஒரு துளி நகர்த்தும். உறங்கறவருக்கு அது தெரியாது. ஆனா உடம்புக்குத் தெரியும். ஒன்பது தடவை வரைக்கும் தாங்கும்னு கண்டுபிடிச்சிருக்காங்க. பத்தாவது தடவை இதயம் நின்னுடும். அதனாலதான் ஒன்பதுக்கு மேல ஃபார்ம் எதையும் ஏத்துக்காது. அது கெட்டுப்போகலைங்க. அவரைக் காப்பாத்திக்கிட்டிருக்கு."

"ஒன்பது தடவையா?" என்றாள் இதழினி. "நாங்க எங்க ஒன்பது தடவை மாத்தினோம்?"

வெள்ளியங்கிரி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பாம்புப் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்தார். பக்கங்கள் கசங்கி, ஓரங்களில் பேனாக் குறிப்புகளோடு இருந்தது. இல்லத்துக்கு வரும் எல்லாக் குடும்பத்துக்கும் நாள் பார்த்துக் கொடுப்பவர் அவர்தான். யாரும் அவரை அதற்காக நியமிக்கவில்லை. பாவம், நல்ல நாளில் எழுந்திருக்கட்டுமே என்று அவராகச் செய்த உதவி. அதற்காகவே எல்லோரும் அவரை அண்ணன் என்று கூப்பிட்டார்கள்.

"முதல்ல போட்ட தேதி மார்கழியில விழுந்துச்சு," என்றார் மெல்ல. "உங்க மாமியார் மார்கழி வேண்டாம்னாங்க. தைக்கு மாத்தினேன். அந்த நாள் அஷ்டமி."

"அத்தைதான் போன் பண்ணிச் சொன்னாங்க," என்றாள் கோகிலவாணி. "அப்புறம் அவரு நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம்னு ஒண்ணு."

"உங்க கல்யாண நாளுக்கு மாத்தச் சொன்னீங்க ஒருக்கா."

"ஆமா. அன்னிக்குக் கரிநாள்னு நீங்க சொன்னீங்க. திருப்பி மாத்தினோம்."

"போன் நம்பர் மாத்தினது ஒண்ணு. வீடு மாறினப்ப அட்ரஸ் ஒண்ணு." வெள்ளியங்கிரி பஞ்சாங்கத்தைப் பார்த்தபடியே பேசினார். "போன வருஷம் நானாவே ஒண்ணு மாத்தினேன் அம்மிணி. உங்ககிட்டக் கேக்கக்கூட இல்ல. சும்மா புரட்டிக்கிட்டிருந்தேன், அது தேய்பிறை நவமின்னு கண்ணுல பட்டுச்சு. சொன்னாச் சங்கடப்படுவீங்கன்னு நானே மாத்திட்டேன்."

"எட்டு ஆச்சு," என்றாள் இதழினி.

ஒன்பதாவது எது என்று மூவருக்குமே தெரிந்திருந்தது. இரண்டு மாதம் முன்னால் கோகிலவாணியே வந்து கேட்டது. நாளை மாற்றவில்லை, நேரத்தை மட்டும். திங்கட்கிழமை காலை எட்டு மணி என்று இருந்தது. ஏழரை முதல் ஒன்பது ராகுகாலம். இருபது வருட உறக்கத்துக்குப் பின், கணவன் ராகுகாலத்தில் கண் விழிக்க வேண்டாமே என்று ஒன்றேமுக்கால் மணி நேரம் முன்னால் நகர்த்திவிட்டு, பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு ஊர் திரும்பினாள். அதன்பின் ஐந்தாவது வாரம் மருந்து வந்த செய்தி வந்தது.

கோகிலவாணி அழவில்லை. தட்டில் இருந்த சோற்றைக் கையால் ஓரமாக ஒதுக்கி, மறுபடி நடுவில் சேர்த்துவைத்தாள்.

ஏஞ்சலினுக்கு முதலில் வெள்ளியங்கிரியின்மேல் கோபம்தான் வந்தது. நாலு வரியைப் படிக்காத மனிதர். பஞ்சாங்கத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படித்தவருக்கு அந்த மஞ்சள் கட்டத்தைப் படிக்க நேரமில்லை. பிறகுதான் அவளுக்குக் காலையில் தான் செய்தது நினைவு வந்தது. இருபத்திரண்டாம் படுக்கையைத் திறந்து பார்த்தாள். எண் எட்டு என்று இருந்தது. கடைசி இரண்டு திருத்தங்களும் இன்று, பதினொன்று இருபதுக்கும் பதினொன்று இருபத்தொன்றுக்கும். ஒரு புள்ளி வைத்ததும், அந்தப் புள்ளியை அழித்ததும். இரண்டு தடவையும் அந்த மஞ்சள் கட்டம் வந்திருக்க வேண்டும். அவளும் ஓகேயை அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தியது நினைவில்கூட இல்லை. யாரோ ஒருவருடைய இரண்டு வாய்ப்புகளை ஒரு நிமிடத்தில் செலவழித்துவிட்டிருந்தாள். அவருக்கு இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

அதை வெள்ளியங்கிரியிடம் சொன்னாள். அவர் ஒரு தாளை எடுத்து, இருபத்திரண்டு என்று எழுதி, அந்தப் படுக்கைக்காரர் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் எழுதி அவளிடம் கொடுத்தார். குற்றம் சொல்லவில்லை.

"அக்கா," என்றாள் இதழினி திடீரென்று. திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "ரெக்கார்டைத் தொட வேண்டாம். தேதி வந்துருச்சான்னு பாக்கறது இந்தக் கம்ப்யூட்டர்தானே? இதோட கடிகாரத்தை ஒன்பது வருஷம் தள்ளி வச்சுட்டா?"

ஏஞ்சலின் அதை ஏற்கெனவே யோசித்திருந்தாள். யாரும் கேட்காமல் இருக்கட்டும் என்றுதான் சொல்லாமல் இருந்தாள்.

"வேலை செய்யும்," என்றாள். "அது திருத்தத்துல சேராது. 2051 டிசம்பர்னு மாத்தி வச்சா இன்னிக்கே சூடேற ஆரம்பிச்சிடும். நாப்பது நாள்ல அப்பா எழுந்துடுவார்."

"அப்பப் பண்ணுங்கக்கா."

"நாப்பத்தொரு படுக்கைக்கும் இதே கடிகாரம்தான் இதழினி. இந்த ஒன்பது வருஷத்துக்குள்ள தேதி இருக்கற எல்லாருமே சேர்ந்து எழுந்துடுவாங்க. தடுக்க முடியாது."

"எத்தனை பேர்?"

"இருபத்தாறு."

"அதுல எத்தனை பேருக்கு மருந்து வந்திருக்கு?" என்று கேட்டது கோகிலவாணி.

ஏஞ்சலின் பட்டியலை எடுத்தாள். வெள்ளியங்கிரி அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து எண்ணினார். "நாலு பேருக்கு, அம்மிணி."

"மத்தவங்க?"

"எந்திரிச்சா வந்த நோயோடதான் எந்திரிப்பாங்க. மறுபடி உறங்கவைக்க முடியாது. ரெண்டாம் உறக்கத்துக்குப் போனவங்க யாரும் திரும்பி வந்ததில்ல."

"பேரெல்லாம் படிங்க," என்றாள் கோகிலவாணி.

ஏஞ்சலின் படித்தாள். ஐந்தாவது பெயரிலேயே கோகிலவாணி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். பிறகு தலையசைத்து, மேலே படிக்கச் சொன்னாள். மாதத்தின் முதல் ஞாயிறு பார்வை நாள். பதினோரு வருடமாக அந்தக் கூடத்தில் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து, அவரவர் கொண்டுவந்ததைப் பங்கு போட்டுச் சாப்பிட்டவர்களின் சொந்தங்கள்தான் எல்லோரும். சீதாலட்சுமி டீச்சரின் கணவர் எப்போதும் வர்க்கி பாக்கெட்டோடு வருவார். ஆயிஷாவுக்கு ஏழு வயது. அவளுடைய அம்மா கண்ணாடியில் வாயை ஒட்டிவைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பாட்டெல்லாம் பாடுவாள்.

இருபத்தாறு பெயரும் முடிந்தன.

"எனக்கு அவங்க யாரையும் தெரியாதும்மா," என்றாள் இதழினி. "எனக்கு அப்பாவையே சரியாத் தெரியாது. எட்டு வயசு எனக்கு. அவர் குரல் எப்படி இருக்கும்னுகூட நீ சொன்னாத்தான் தெரியும். அவர் எந்திரிச்சா உனக்கு ஒரு துணை. எனக்கும் ஒரு ஆள். மத்தவங்களைப் பத்தி நான் எதுக்கு நினைக்கணும்?"

"நீ நினைக்க வேண்டாம் சாமி," என்றாள் கோகிலவாணி. "எனக்கு அவங்களைத் தெரியுமே. நான் என்ன பண்ணுவேன்?"

வெளியே மேகம் இறங்கி ஜன்னலை மூடியிருந்தது. பிறகு கோகிலவாணியே ஒரு முடிவுக்கு வந்தவள்போல் நிமிர்ந்தாள். வீட்டில் ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக் கொடுக்கிறவளின் குரல் திரும்பியிருந்தது.

"சரி. எனக்குக் குடுத்துவைக்கல. நான் இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறேன். ஒன்பது வருஷம் கழிச்சு நீ வந்து உங்கப்பாவைக் கூட்டிட்டுப் போ. அதுக்குள்ள உனக்கு வேலை கிடைச்சிருக்கும். அவரு சாம்பாருக்கு வெல்லம் போட்டாச் சாப்பிடமாட்டாரு. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்க."

வெள்ளியங்கிரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஏஞ்சலினுக்குத் திரையைக் கைகாட்டினார். ஏஞ்சலின் திரையைப் பார்த்தாள். தேதிக்குக் கீழே இருந்த இரண்டு கட்டங்களை அவளும் அப்போதுதான் கவனித்தாள். பாதுகாவலர் ஒன்று, கோகிலவாணி, மனைவி. பாதுகாவலர் இரண்டு, தெய்வானை, தாயார்.

"தெய்வானைங்கறது யாரு?"

"எங்க அத்தைங்க. தவறிப்போய் மூணு வருஷமாச்சு."

"பேரை மாத்தலையா?"

"மாத்தணும்னு நினைச்சேன் மேடம்," என்றார் வெள்ளியங்கிரி. "அடுத்த தடவை தேதி மாத்தறப்ப சேர்த்துப் பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன். அப்புறம் மறந்துட்டேன்."

"என்னக்கா அது?" என்றாள் இதழினி.

இந்தத் தடவை வெள்ளியங்கிரிதான் விளக்கினார். உறங்குபவர் கண் திறந்ததும், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பாதுகாவலர் வந்து படுக்கையின்மேல் விரல் வைக்க வேண்டும். யாரோ எவரோ வந்து ஆளைக் கூட்டிப் போய்விடக் கூடாது என்று வைத்த பூட்டு அது. உயிருள்ள விரலாக இருக்க வேண்டும். நாடித்துடிப்பையும் அது பார்க்கும். விரல் படாவிட்டால் படுக்கை அவரை மறுபடி உறங்கவைத்துவிடும். அந்த இரண்டாம் உறக்கத்துக்கு.

"என் விரலை வைக்கறேன்," என்றாள் இதழினி.

"ஃபார்ம்ல உன் பேரு இல்லையே கண்ணு."

"போடுங்க."

பெயரைப் போடுவதும் ஒரு திருத்தம்தான். பத்தாவது திருத்தம். இதழினிக்கு அது புரிய இரண்டு நொடி ஆனது. புரிந்ததும் அம்மாவைப் பார்த்தாள். கோகிலவாணி தன் வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கறை படிந்த, கத்தித் தழும்பு இருந்த சாதாரண விரல்.

"பாத்தீங்களாண்ணா," என்றாள் வெள்ளியங்கிரியிடம். சிரிக்கப் பார்த்தாள். "செத்துப்போகக்கூட முடியாமப் பண்ணி வச்சிருக்கேன்."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஏஞ்சலினுக்குக் கையைச் சும்மா வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஏதாவது ஒரு வழி இருக்கும் என்ற பழக்கத்தில் கீழே இருந்த அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனாள். பதினெட்டு, பத்தொன்பது, முப்பது, நாற்பது, நாற்பத்தொன்று. அதற்கும் அப்பால் ஒருமுறை அழுத்தினாள். வெற்று ஃபார்ம் ஒன்று திறந்தது. எல்லாக் கட்டங்களும் வெள்ளையாக இருந்தன. பெயர் கட்டத்தில் கர்சர் மின்னியது. எழுத்து ஒன்றைத் தட்டினாள். உடனே விழுந்தது.

"இது மட்டும் எழுத விடுதே?" என்றாள் இதழினி.

"இது புது ரெக்கார்ட். புது ஆளைச் சேர்க்கறதுக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் அதன் பொருள் அவளுக்கே உறைத்தது. அழித்துவிடலாம் என்று கை போனது. அதற்குள் கோகிலவாணி எழுந்து வந்திருந்தாள்.

"அதுல என் பேரைப் போடுங்க," என்றாள்.

"அம்மா."

"மருந்தில்லாத நோயிதானே எனக்கும். சேத்துக்குவாங்கல்ல அண்ணா?"

"சேத்துக்குவாங்க அம்மிணி. ரெண்டு படுக்கை காலியா இருக்கு. ஆனா இப்பவே வந்தாகணும். உடம்பு தளந்துட்டா குளிரு ஒத்துக்காது. ஒரு மாசத்துக்குள்ள."

"ஒரு மாசம் போதும். அவருக்கு முன்னாடி நான் எந்திரிச்சுக்கறேன். மருந்து வந்திருந்தா நல்லது. வரலைன்னாலும் அவருக்கு விரல் வைக்க நான் இருப்பேன்ல?"

"அப்ப நான்?" என்றாள் இதழினி.

அவள் கத்தவில்லை. நேரம் கேட்பதுபோல் கேட்டாள். "ஒரு வருஷம் நீ என்கூட இருப்பேன்னு நினைச்சிட்டிருந்தேன். காலேஜுக்கு லீவு சொல்லலாம்னு இருந்தேன். இப்ப ஒரு மாசம்ங்கற."

கோகிலவாணி அவள் அருகில் வந்தாள். மகளின் தலையில் கை வைத்தாள். இதழினி அதைத் தள்ளிவிட்டாள். பிறகு அந்தக் கையையே பிடித்துக்கொண்டாள்.

புது ரெக்கார்டுக்குப் பாதுகாவலர் வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் சேர்க்க முடியும். கோகிலவாணிக்கு இதழினியைத் தவிர யாரும் இல்லை. ஏஞ்சலின் அதைச் சொன்னபோது, அறையில் இருந்த மூன்று பெரியவர்களும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்கள். மாட்டேன் என்று அவள் சொன்னால் அம்மா ஒரு வருடம் வீட்டில் இருப்பாள். அப்பா இனி எப்போதும் வரமாட்டார். சரி என்று சொன்னால் அடுத்த மாதத்திலிருந்து ஒன்பது வருடம் அந்த வீட்டில் அவள் மட்டும்தான். ஏஞ்சலினுக்கு ஊரில் விட்டுவந்த தன் ஆறு வயது மகள் ஞாபகம் வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே பிடிக்கவில்லை. எழுந்தாள்.

இதழினி அந்த இடத்தில் உட்கார்ந்தாள். விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள்.

அம்மாவின் பெயரை அடித்தாள். பிறந்த தேதியைக் கேட்காமலே அடித்தாள். நோயின் பெயர் கட்டத்தில் கை நின்றது. கோகிலவாணி பின்னால் நின்றபடி ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாதுகாவலர் கட்டத்தில் இதழினி தன் பெயரை எழுதினாள். இரண்டாவது கட்டத்தில் யார் என்று திரும்பிக் கேட்டாள். வெள்ளியங்கிரி தயங்கி, தன் பெயரைப் போடலாமா என்று கேட்டார். கோகிலவாணி, "இதெல்லாம் கேக்கணுமாண்ணா?" என்றாள்.

விழிக்கும் நாள் வந்தது.

"என்னிக்கு?" என்றாள் இதழினி. "அப்பாவுக்கு எத்தனை நாள் முன்னாடி?"

"நீயே ஒரு நாள் சொல்லு. எந்த நாளானாலும் சரி."

இதழினி கொஞ்சம் யோசித்தாள். 2051 நவம்பர் 22 என்று அடித்தாள்.

"ரெண்டு மாசம் முன்னாடியா? எதுக்குக் கண்ணு அவ்வளவு முன்னாடி?"

"ரெண்டு மாசம் நீ என்கூட மட்டும் இரு," என்றாள் இதழினி. "அப்புறம் அப்பாகிட்டப் போ."

நான்கரை மணி பஸ்ஸில் மூவரும் ஒன்றாகத்தான் கீழே இறங்கினார்கள். ஏஞ்சலின் அவர்களுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். மடியில் வெள்ளியங்கிரி எழுதிக் கொடுத்த தாள் இருந்தது. முதல் வளைவிலேயே கோகிலவாணி கேஸ் சிலிண்டருக்கு யாரிடம் சொல்ல வேண்டும், மாடித் தண்ணீர் தொட்டியை எப்போது கழுவ வேண்டும், பக்கத்து வீட்டுச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று ஆரம்பித்தாள். இதழினி இரண்டு வளைவுவரை கேட்டாள். பிறகு, "இன்னிக்கு வேண்டாம்மா," என்றாள். கோகிலவாணி நிறுத்திக்கொண்டாள்.

குஞ்சப்பனை ஊரைத் தாண்டுவதற்குள் இதழினி அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பஸ் திரும்பும்போதெல்லாம் தலை சரிந்தது. கோகிலவாணி உள்ளங்கையால் அந்தத் தலையைத் தாங்கிப் பிடித்தபடியே வந்தாள்.

மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தில் மற்ற எல்லோரும் இறங்கினார்கள். ஏஞ்சலின் அவர்கள் அருகில் நின்று, இறங்கலாமா என்று சைகையில் கேட்டாள். கோகிலவாணி உதட்டில் விரல் வைத்தாள். நடத்துநர் பின்னாலிருந்து வந்து, "ஊர் வந்துருச்சுங்கம்மா, பாப்பாவை எழுப்புங்க," என்றார்.

"தூங்கறாளுங்க," என்றாள் கோகிலவாணி. "வண்டி எப்பத் திரும்ப எடுப்பீங்க?"

"ஆறே காலுக்கு."

"அதுவரைக்கும் இருக்கட்டுமுங்க," என்றாள்.